டாலர் செக், பவுண்டு கணக்கு

அமெரிக்காவை நாம் விட்டு வந்தாலும் அமெரிக்க செக்குகள் நம்மை லேசில் விடுவதில்லை. நியூ ஜெர்சியில் சில வருடங்கள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு லண்டனுக்குக் குடி மாறினோம். வந்து செட்டிலான பிறகும் தபாலில் டாலர் செக்குகள் வந்துகொண்டே இருந்தன. வாடகை வீட்டு அட்வான்ஸ், பாதியில் நிறுத்திய கார் இன்ஷூரன்ஸின் மீதிப் பணம், வருமான வரி ரீஃபண்ட், மின்சாரக் கம்பெனி திருப்பித் தந்த சில்லறை. இதெல்லாம் போதாதென்று, நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருக்கும் சித்தப்பா ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளுக்கும் 101 டாலர் எழுதி அனுப்புவார். மொய்க் கணக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் ஒன்றில்தான் முடியும்.

அங்கே வைத்திருந்த வங்கிக் கணக்கோ, அமெரிக்க முகவரி இல்லை என்ற காரணத்தால் மூடப்பட்டுவிட்டது. ஆக, வந்த செக் எல்லாவற்றையும் இங்கே உள்ள பவுண்டு கணக்கில்தான் போட்டாக வேண்டும். அதைக் குறைந்த செலவில் எப்படிச் செய்வது என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. வங்கிப் பலகையில் எழுதியிருக்கும் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு பங்குதான். டாலரைப் பவுண்டாக்கும் மாற்று விலையில் ஒரு பங்கு போகும், அந்த ஊர் வங்கி ஒரு பங்கு எடுக்கும். செக் திரும்பிவிட்டால் அதற்குத் தனிக் கணக்கு. எந்த வழி மலிவு என்பது செக்கின் தொகையைப் பொறுத்தது.

முதலில் செக்கைக் கையில் எடுத்து இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: எந்த நாணயத்தில் எழுதியிருக்கிறது, எந்த நாட்டு வங்கியின் மேல் எழுதியிருக்கிறது. பிரிட்டிஷ் வங்கியின் மேல் பவுண்டில் எழுதிய செக் என்றால் கவலையே இல்லை. தாளுக்குப் பதில் செக்கின் படத்தை வைத்து வங்கிகள் கணக்குத் தீர்க்கும் பட முறை கிளியரிங் 2017 கடைசியில் வந்த பிறகு, ஒரு வேலைநாளில் நேரத்துக்குள் போட்டால் அடுத்த வேலைநாள் இரவு 11.59க்குள் பணம் கணக்கில் வந்துவிடும். அப்படி வந்த பணத்தை, நாம் மோசடியில் உடந்தையாக இல்லாதவரை, வங்கி திரும்ப எடுக்கவும் முடியாது. இந்த இரண்டு வசதியும் வெளிநாட்டு செக்குக்குக் கிடையாது. அது அந்த கிளியரிங்குக்குள்ளேயே போகாது. போன் ஆப்பில் படம் எடுத்துப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆப்பில் பவுண்டு செக்தான் போகும். டாலர் செக்கை அது ஏற்காது. தாளை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அல்லது வங்கி சொல்லும் முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

டாலர் என்று போட்டிருந்தால் எந்த டாலர் என்பதையும் பார்க்க வேண்டும். ஈஸ்ட் ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய அண்ணா கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து செக் அனுப்புவார். அது சில சமயம் கனடா டாலர், சில சமயம் கனடா வங்கியின் மேலேயே எழுதிய அமெரிக்க டாலர். இரண்டாவது வகை வந்தால் வங்கிக்காரர்களுக்கே தலை சுற்றும். நாணயம் ஒரு நாடு, வங்கி இன்னொரு நாடு. எந்த வழியாக அனுப்புவது என்று அவர்கள் முடிவு செய்வதற்குள் நாளாகிவிடும். அடையாளம் காண எளிய வழி, செக்கின் அடியில் இருக்கும் காந்த மை எண்கள். அமெரிக்க செக்கில் வங்கியை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க ரவுட்டிங் எண் இருக்கும். கனடா செக்கில் ஐந்து இலக்கமும் மூன்று இலக்கமுமாகப் பிரிந்து நிற்கும். தேதியும் கவனம். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 03/11 என்றால் அவர்களுக்கு மார்ச் 11, இங்கே நவம்பர் 3. இன்னும் தேதி வராத செக் என்று நினைத்து கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடப் பார்ப்பார்கள். சித்தப்பாவிடம் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டேன். அதோடு அந்தத் தகராறு தீர்ந்தது.

சரி, வங்கி அந்த செக்கை என்ன செய்யும்? இரண்டு வழி உண்டு. ஒன்று, நெகோஷியேஷன். செக்கை வங்கியே வாங்கிக்கொள்வதுபோல, அன்றைய விலையில் பவுண்டாக மாற்றி நம் கணக்கில் உடனேயோ சில நாளிலோ வரவு வைத்துவிடும். நம் ஊர் வங்கிகளில் செக் பர்ச்சேஸ் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். இன்னொன்று, கலெக்‌ஷன். செக்கை அங்குள்ள வங்கிக்கு அனுப்பி, பணம் உண்மையில் வந்து சேர்ந்த பிறகுதான் வரவு வைக்கும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், சமயத்தில் மாதக்கணக்கிலும் இழுக்கும். எந்த வழி என்பதைப் பெரும்பாலும் வங்கிதான் முடிவு செய்யும். தொகை பெரிதாக இருந்தாலோ, கணக்கு புதிதாக இருந்தாலோ, செக்கில் ஏதாவது உறுத்தினாலோ கலெக்‌ஷனில் தள்ளிவிடுவார்கள். ஆனால் நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். படிவத்தில் இரண்டுக்கும் கட்டம் இருக்கும். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் அவர்களுக்கு வசதியானதில் டிக் அடித்துவிடுவார்கள்.

செலவு எங்கே போகிறது என்பது ஒரு கணக்கு போட்டால் தெரியும். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வங்கியின் எண்களைப் போட்டுப் பாருங்கள். மார்க்கெட்டில் ஒரு பவுண்டுக்கு 1.25 டாலர் என்றும், வங்கி நமக்குத் தரும் விலை 1.29 என்றும், கட்டணம் 10 பவுண்டு என்றும் வைத்துக்கொள்வோம். இந்த மாற்று விலை எண் பெரிதாக இருந்தால் நமக்கு நஷ்டம். ஒரு பவுண்டு வாங்க நாம் அதிக டாலர் கொடுக்கிறோம் என்று அர்த்தம். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சித்தப்பாவின் 101 டாலர் மார்க்கெட் விலையில் 80.80 பவுண்டு. வங்கி விலையில் 78.29. கட்டணம் போனால் 68.29. போனது 12 பவுண்டு 51 பென்ஸ், அதாவது 15 சதவீதத்துக்கும் மேல். இதில் விலை வித்தியாசம் இரண்டரை பவுண்டுதான், மீதியெல்லாம் கட்டணம். இதுவே 1,000 டாலர் என்றால் மார்க்கெட் விலையில் 800 பவுண்டு, வங்கி விலையில் 775.19, கையில் கிடைப்பது 765.19. நஷ்டம் சுமார் 35 பவுண்டு. இங்கே கட்டணம் வெறும் 10, மாற்று விலை தின்றது கிட்டத்தட்ட 25. ஆக, சின்ன செக்குக்குக் கட்டணம் எதிரி, பெரிய செக்குக்கு விலை எதிரி. பெரிய செக்கை வைத்துக்கொண்டு கட்டணம் 8 பவுண்டா 12 பவுண்டா என்று வங்கி வங்கியாக அலைவதில் பிரயோஜனமில்லை. அன்றைக்கு அவர்கள் என்ன விலை தருகிறார்கள் என்று கேட்க வேண்டும். மார்க்கெட் விலையிலிருந்து 2 முதல் 4 சதவீதம் வரை தள்ளி நிற்பது சகஜம்.

கலெக்‌ஷன் என்றால் கணக்கு இன்னும் கசக்கும். இங்கே 20 பவுண்டு, நியூயார்க் பக்கம் 25 டாலர் என்று வைத்துக்கொண்டால் 101 டாலர் செக்கில் கடைசியில் கையில் வருவது 39 பவுண்டுகூட இல்லை. பாதிக்கு மேல் வழியிலேயே போய்விட்டது. அந்த 25 டாலர் எவ்வளவு என்று இங்குள்ள கவுண்டரில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். அது அந்த ஊர் வங்கி எடுக்கும் பணம், வந்த பிறகுதான் தெரியும். அதனால் சின்ன செக்கைக் கலெக்‌ஷனில் போடவே கூடாது என்பது என் கட்சி. நெகோஷியேஷன் கிடையாது என்று சொன்னால் செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

கட்டணம் செக்குக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். சதவீதக் கணக்கு என்று சொன்னாலும் குறைந்தபட்சம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே மூன்று செக்கைச் சேர்த்து ஒரே நாளில் போட்டால் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். எழுதுபவரே ஒரே செக்காக எழுதினால்தான் மிச்சம். 101 டாலர் மூன்று தனித்தனி செக் என்றால் மேலே சொன்ன கணக்கில் மொத்தம் 204.87 பவுண்டு வரும். 303 டாலர் ஒரே செக் என்றால் 224.88. சித்தப்பாவிடம் இதை விளக்கியபோது, “பிள்ளைக்குப் பிள்ளை தனியா கொடுக்கறதுதானேப்பா முறை” என்றார். அப்புறம் 303 எழுதி, கூடவே யாருக்கு எவ்வளவு என்று ஒரு வாழ்த்து அட்டையில் பிரித்துப் போட்டு அனுப்பினார்.

நெகோஷியேஷனில் இன்னொரு சிக்கல் உண்டு. பணம் கணக்கில் விழுந்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும், ஆனால் முடிந்திருக்காது. செக் அங்கே திரும்பினால் கொடுத்த பணத்தை வங்கி நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். படிவத்தில் நாம் போடும் கையெழுத்தே அதற்கான சம்மதம்தான். எடுப்பதும் கொடுத்த அதே விலையில் இல்லை. கொடுக்கும்போது 1.29 கணக்கில் 775.19 பவுண்டு கொடுத்திருப்பார்கள். திரும்ப எடுக்கும்போது நாம் அவர்களிடம் டாலர் வாங்குவதாகக் கணக்கு. அந்த விலை 1.21 என்றால் 826.45 பவுண்டு எடுப்பார்கள். மார்க்கெட் ஒரு பைசா அசையாமலே 51 பவுண்டு போய்விட்டது. கட்டணங்கள் தனி. அதனால் முன்பின் தெரியாதவர் கொடுத்த செக்கை நெகோஷியேஷனில் போடுவது ஆபத்து. அங்கே கலெக்‌ஷன்தான் சரி, செலவானாலும் பரவாயில்லை.

இந்த இடைவெளியை வைத்துத்தான் ஒரு மோசடியே நடக்கிறது. இணையத்தில் பழைய சாமான் விற்கிறீர்கள். வாங்குபவர் வெளிநாட்டு வங்கி டிராஃப்ட் அனுப்புகிறார், விலையைவிடக் கூடுதலாக. மீதியை லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறார். கணக்கில் பணம் வந்துவிட்டதே என்று நாம் அனுப்புவோம். சில வாரம் கழித்து டிராஃப்ட் போலி என்று திரும்பும். வங்கி முழுத் தொகையையும் நம்மிடம் எடுத்துக்கொள்ளும். கேட்ட தொகையைவிட அதிகமாக எழுதி வரும் எந்த வெளிநாட்டு செக்கையும் தொடாமல் இருப்பது நல்லது.

இனி பெயர் விவகாரம். தமிழர்களுக்கென்றே விதிக்கப்பட்ட தலைவலி இது. என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. பெயர் மட்டும்தான். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவைப் பார்த்து வாடகை ஒப்பந்தம், ஒப்பந்தத்தைப் பார்த்து வீட்டுக்காரர் எழுதிய அட்வான்ஸ் செக். நியூ ஜெர்சி சட்டப்படி குடித்தனம் முடிந்த 30 நாளுக்குள் அட்வான்ஸை வட்டியோடு தர வேண்டும். மனிதர் ஒழுங்காக அனுப்பிவிட்டார். செக்கில் என் பெயர், “அண்ட்”, அப்புறம் எஃப்என்யூ என்று தொடங்கும் மனைவியின் பெயர்.

கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு செக்கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். “இந்த எஃப்என்யூ யார்? இது உங்கள் மனைவியின் பெயரா?” என்று கேட்டார். பெயரே இல்லை என்பதற்குக் கொடுத்த பெயர் அது என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியில் பழைய பாஸ்போர்ட்டிலிருந்த விசாப் பக்கம்தான் கை கொடுத்தது. அதில் அதே மூன்று எழுத்தும் அதே பெயரும் இருந்தன. அதை நகலெடுத்துப் படிவத்தோடு இணைத்து வாங்கிக்கொண்டார். காலாவதியான விசாவாயிற்றே என்று பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

அந்த “அண்ட்” தனிக் கதை. இரண்டு பெயருக்கு நடுவே “அண்ட்” இருந்தால் இருவரும் பின்னால் கையெழுத்துப் போட வேண்டும். “ஆர்” இருந்தால் யாராவது ஒருவர் போதும். அது அமெரிக்க வழக்கம். இங்கே இருவர் பெயரிலும் எழுதிய செக்கை ஒருவர் மட்டும் வைத்திருக்கும் கணக்கில் போட விடமாட்டார்கள், கூட்டுக் கணக்கு கேட்பார்கள். எங்களுக்குக் கூட்டுக் கணக்கு இருந்ததால் தப்பித்தோம். அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்கள் வீட்டுக்காரரிடமும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் ஒருவர் பெயருக்கு மட்டும் செக் எழுதச் சொல்லிவிட்டு வருவது உத்தமம். பின்பக்கக் கையெழுத்தும் அங்கே முக்கியம். பிரிட்டனில் பவுண்டு செக்கின் பின்னால் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. அமெரிக்க செக்கில் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அங்கிருந்து திரும்பி வரலாம். ஆனால் வீட்டிலேயே போட்டுவிடாமல் கவுண்டரில் போடுங்கள். பின்னால் கையெழுத்திட்ட செக் வழியில் தொலைந்தால் வம்பு.

வரி ரீஃபண்ட் செக்கைப் பார்த்தாலே தெரியும், அரசாங்க செக் என்று. வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் அமெரிக்க டிரெஷரி என்ற நீர்க்குறி ஓடும். சுதந்திர தேவி சிலையின் படம் அச்சாகியிருக்கும். முத்திரையில் ஈரம் பட்டால் மை சிவப்பாகக் கசியும். லண்டன் மழையில் உறையில்லாமல் எடுத்துப் போகாதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டாம். இந்த செக் எழுதிய தேதியிலிருந்து ஒரு வருடம் செல்லும். மற்ற அமெரிக்க செக்குகளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் அங்குள்ள வங்கி பணம் தரக் கட்டுப்பட்டதல்ல, தந்தாலும் தரலாம். கம்பெனி செக்குகளில் 90 நாள் என்றே அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்கத் தபால் நம் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து திருப்பி விடப்பட்டு வந்து சேருவதற்கே பாதி ஆயுள் போய்விடும். அதற்கு மேல் கலெக்‌ஷனில் போட்டால் வழியிலேயே காலாவதி. கொடுப்பதற்கு முன் இந்த நாள் கணக்கைப் பார்த்து, நெருக்கமாக இருந்தால் புது செக் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்க அரசே இப்போது தாள் செக்கைக் கைவிடுகிறது. 2025 மார்ச்சில் வந்த அதிபர் உத்தரவுப்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 30க்குப் பிறகு மத்திய அரசின் தாள் செக்குகளை, சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்துவதென்று முடிவானது. அமெரிக்க வங்கிக் கணக்கு இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது புதுத் தலைவலி, ஏனென்றால் ரீஃபண்டை நேரடி வரவாக வாங்க அமெரிக்கக் கணக்குதான் வேண்டும். இன்னும் கிளம்பாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெளிநாட்டு முகவரியை ஏற்கும் வங்கியாகப் பார்த்து, கிளம்புவதற்கு முன்பே ஒரு கணக்கை அங்கே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். என் நண்பர் அப்படித்தான் செய்தார். அவருக்கு வரும் செக்கை ஆப்பில் படம் எடுத்து அந்தக் கணக்கில் போட்டு, அங்கிருந்து மலிவான பணப் பரிமாற்றச் சேவை மூலம் பவுண்டாக மாற்றிக்கொள்கிறார். நான் மேலே போட்ட கணக்கு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அது முடியாதவர்களுக்கு அடுத்த நல்ல வழி, செக்கே வராமல் பார்த்துக்கொள்வது. வைஸ் போன்ற பணப் பரிமாற்றச் சேவைகளில் கணக்கு திறந்தால் நம் பெயரில் அமெரிக்கக் கணக்கு எண்ணும் ரவுட்டிங் எண்ணும் தருகிறார்கள். அதில் செக் போட முடியாது. ஆனால் பணம் தர வேண்டிய கம்பெனியிடம் அந்த எண்களைக் கொடுத்தால் உள்ளூர்ப் பரிமாற்றமாக அனுப்பிவிடலாம். மாற்றும்போது மார்க்கெட் விலைதான், கட்டணத்தை முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். மின்சாரக் கம்பெனியிடம் செக்கைத் திருப்பி அனுப்பி இப்படிக் கேட்டபோது ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள், பணம் வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி மட்டும், எங்கள் கணினியில் செக் தவிர வேறு வழி இல்லை என்று கைவிரித்துவிட்டது.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. சித்தப்பா ஒருமுறை, “இனிமேல் செக் இல்லப்பா, ஆன்லைன்லயே அனுப்பிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னார். பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தபாலில் வந்தது ஒரு செக், அதுவும் கணினியில் அச்சடித்தது. இணையத்தில் பில் கட்ட அமெரிக்க வங்கிகள் தரும் பில்பே வசதி அப்படித்தான். பெறுபவரின் கணக்கோடு மின்னணு இணைப்பு இல்லையென்றால் வங்கி தானே ஒரு செக்கை அச்சடித்துத் தபாலில் போட்டுவிடும். அனுப்பியவருக்குத் திரையில் “செலுத்தப்பட்டது” என்றுதான் தெரியும். ஜெல் என்ற அமெரிக்கப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்புகிறேன் என்பார்கள், அதற்கு இரண்டு பக்கமும் அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும். எனவே பில்பே வேண்டாம், வைஸ் போன்ற சேவை தந்த இந்தக் கணக்கு எண்ணுக்கு வங்கிப் பரிமாற்றம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

யூரோ என்றால் செக் வாங்கவே கூடாது. பிரான்ஸில் இன்னும் செக் புழக்கம் உண்டு, அயர்லாந்திலும் உண்டு. ஆனால் பிரெக்சிட்டுக்குப் பிறகும் பிரிட்டன் செப்பா என்ற யூரோ பரிமாற்ற வலையில்தான் இருக்கிறது. பாரிஸ் லா ஷப்பேலில் இருந்து உங்களுக்குப் பணம் வர வேண்டுமா, ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். செக் புத்தகத்தை எடுத்தாலும் தடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு தாள் செக்தான் வரும் என்றால் எந்த வங்கி என்ற கேள்வி வரும். இது வர வரக் கடினமாகிறது. பல பெரிய பிரிட்டிஷ் வங்கிகள் வெளிநாட்டு செக் வாங்குவதை நிறுத்திவிட்டன, அல்லது சில நாணயங்களோடு குறைத்துக்கொண்டுவிட்டன. ஆப்பிலேயே வாழும் புது வங்கிகளிடம் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் 2004 அக்டோபரில் அமலுக்கு வந்த செக் 21 என்ற சட்டத்துக்குப் பிறகு தாளுக்குப் பதில் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது. கடல் கடந்து வரும் தாளைக் கையால் பிரித்து, சரிபார்த்து அனுப்பும் வேலை அங்கே யாருக்கும் லாபமில்லை. அந்த வேலையைச் செய்துவந்த இடைத்தரகு வங்கிகள் விலக விலக இங்கேயும் கதவு மூடுகிறது. ஆகவே செக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள். அந்த நாணயத்தை, அந்த நாட்டு வங்கி மேல் எழுதியதை வாங்குவீர்களா, நெகோஷியேஷனா கலெக்‌ஷனா, கட்டணம் செக்குக்கா, தொகைக்கா, இன்றைய விலை என்ன, திரும்பினால் எவ்வளவு. இத்தனைக்கும் பதில் சொல்லக்கூடியவர் போனில் கிடைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் எடுப்பவர் அநேகமாகப் பவுண்டு செக் விதியைப் படித்துக் காட்டுவார். “வெளிநாட்டு செக் பிரிவு” என்று கேட்டு வாங்குங்கள்.

டாலர் கணக்கு ஒன்று இங்கேயே திறந்துகொண்டால் மாற்று விலை நஷ்டம் இல்லையே என்று கேட்பார்கள். உண்மைதான், டாலராகவே கிடக்கும். ஆனால் செக் கட்டணம் அப்படியேதான் இருக்கும், சில வங்கிகள் கணக்குக்கே மாதக் கட்டணம் வாங்குகின்றன. அந்த டாலரை வெளியே மலிவான சேவைக்கு அனுப்பவும் சர்வதேசப் பரிமாற்றக் கட்டணம் உண்டு. அடிக்கடி பெரிய டாலர் செக் வருபவருக்கு, அல்லது டாலரிலேயே செலவு இருப்பவருக்குச் சரி. பிறந்தநாள் செக்குக்கு அது அதிகம்.

செக்கைக் கொடுப்பதற்கு முன் முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பது பழக்கமாகிவிட்டது. கலெக்‌ஷனில் போன செக் எங்கே இருக்கிறது என்று இரண்டு கண்டத்திலும் யாருக்கும் தெரியாத நிலை வரும். அப்போது எழுதியவரிடம், உங்கள் கணக்கில் பணம் கழிந்ததா என்று கேட்பதுதான் ஒரே வழி. அதற்கு செக் எண்ணும் தேதியும் வேண்டும். கழியவில்லை என்றால் அவர் அதை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தரலாம். நிறுத்துவதற்கு அங்கே கட்டணம் உண்டு. சின்னத் தொகை என்றால் அதைக் கழித்துக்கொண்டே அனுப்பச் சொல்லிவிடுங்கள், உறவு கெடாமல் இருக்கும்.

அப்புறம் ரூபாய் செக். ஊரில் நிலம் விற்ற பங்கு, பழைய பங்குகளின் டிவிடெண்ட் என்று சிலருக்கு வரும். இதைப் பிரிட்டிஷ் கணக்கில் போடலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம். அது போக வேண்டிய இடம் இந்தியாவில் உள்ள என்ஆர்ஓ கணக்கு, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர் ஊர் வருமானத்துக்காக அங்கே வைத்திருக்கும் ரூபாய் கணக்கு. 2012 ஏப்ரலில் இருந்து இந்திய செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். லண்டனுக்குத் தபாலில் வரவழைத்து மறுபடி திருப்பி அனுப்பினால் அதிலேயே முடிந்துவிடும். ஊரில் இருக்கும் அம்மாவிடமே தங்கட்டும். செக்கின் பின்பக்கம் நம் என்ஆர்ஓ கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் எழுதி, பே இன் சிலிப்போடு கிளையின் பெட்டியில் போட்டால் போதும். அடிக்கட்டையை மட்டும் முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கணக்கிலிருந்து வெளியே அனுப்ப நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை இடமிருக்கிறது. வரி கட்டியதற்கான ஆடிட்டர் சான்று கேட்பார்கள், அதற்கு ஊரில் ஒரு ஆடிட்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.